கோழி கிளறின மாதிரி எழுதுதா உங்க பிள்ளை? வீட்டிலேயே திருத்தலாம்



"கையெழுத்து நல்லா இல்லேன்னா தலையெழுத்து நல்லா இருக்கும்" என்று நம் லயங்களில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பிள்ளையின் கொப்பியைப் பார்த்து டீச்சர் குறை சொல்லும்போது, இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். "என்னாங்க செய்றது, அவனுக்கு வந்த கை அப்படி" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கையெழுத்து பிறவியில் வருவதில்லை. கொழுந்து எடுக்கப் பழகியது போல, கவ்வாத்து வெட்டப் பழகியது போல, அதுவும் கை பழகி வருவதுதான். அதைப் பழக்குவதற்குப் பெற்றோர் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எப்படி என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

ஒரு எழுத்தின் விலை

முதலில் ஒரு கேள்வி. கையெழுத்து அவ்வளவு முக்கியமா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, தமது ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்காகப் பல தடவை பஸ் ஏறி இறங்கியதை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறோம். பணம் இருந்தது. ஆளும் இருந்தார். பெயர்தான் ஒத்துவரவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, செக்ரோலில் வேறொரு மாதிரி. இரண்டு எழுத்துதான் வித்தியாசம். அந்த இரண்டு எழுத்துக்காகச் சத்தியக் கடதாசி, சமாதான நீதவான், கடிதம், மறுபடியும் கடிதம் என்று மாதக்கணக்கில் அலைந்தார்.

இது அவருடைய கையெழுத்தின் குற்றம் அல்ல. அவர் வாழ்நாள் முழுக்கப் பெருவிரல் அடையாளம் வைத்தவர். எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். "இது என் பேரு இல்லீங்களே" என்று தாளைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை. அவ்வளவுதான்.

அவருடைய பேரப்பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி ஆனது. ஒரு படிவத்தைத் தமிழில் நிரப்பிக் கொடுக்க நமக்கு உரிமை இருக்கிறது. உரிமை இருந்தால் மட்டும் போதுமா? மற்றவர் வாசிக்கக்கூடிய மாதிரி நிரப்ப ஒரு கையும் வேண்டும்.

பரீட்சையிலும் இதே கதைதான். தரம் 5 புலமைப்பரிசில் ஆனாலும், சாதாரண தரம் ஆனாலும், விடைத்தாளைத் திருத்துகிறவர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. "மகன், இது என்ன எழுத்து?" என்று கூப்பிட்டுக் கேட்பதும் இல்லை. அவர் முன்னால் இருப்பது எழுத்து மட்டுமே. தெரிந்த விடையை வாசிக்க முடியாமல் எழுதினால் அதற்குப் புள்ளி கிடைப்பது எப்படி?

ஆகவே நாம் கேட்பது அழகான எழுத்து அல்ல. முத்து முத்தாக இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. யார் பார்த்தாலும் வாசிக்கக்கூடிய எழுத்து. அதுதான் வேண்டும்.

சோம்பேறித்தனம் அல்ல

எழுத்து மோசமாக இருந்தால் உடனே "சோம்பேறி" என்று பிள்ளையைத் திட்டுகிறோம். பிள்ளை உட்காரும் இடத்தைப் போய்ப் பாருங்கள். பல வீடுகளில் அது பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதும். அல்லது கட்டிலில் உட்கார்ந்து மடியில் கொப்பியை வைத்து எழுதும். அல்லது அடுப்படியில் புகைக்கு நடுவே, கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதும். இப்படி எழுதினால் பெரியவர்களாகிய நமக்கே எழுத்து நேராக வராது.

லயத்துக் காம்பராவில் மேசை, நாற்காலி போட இடம் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். மேசை வேண்டாம். ஒரு பழைய மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தாலும் போதும். பிள்ளை தரையிலோ சிறு பலகையிலோ நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை மடக்கி வைக்கும்போது அந்தப் பெட்டியின் மேல்பக்கம் முழங்கை உயரத்துக்கு வந்தால் சரி. ஸ்டூலில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும். கால் தொங்கினால் கீழே ஒரு செங்கல்லையோ கட்டையையோ வையுங்கள். உடம்பு ஆடாமல் இருந்தால்தான் கையும் ஆடாமல் இருக்கும்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். வெயில் இருக்கும்போது இஸ்தோப்பில் உட்கார வைப்பது நல்லது. இரவில் பல்ப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பிள்ளையின் நிழலே கொப்பியில் விழும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கத்தில் இருந்து வெளிச்சம் வர வேண்டும். இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு வலப்பக்கத்தில் இருந்து வர வேண்டும்.

இன்னொன்று. நம் மலைகளில் குளிர் அதிகம். மழையில் நனைந்து வந்த பிள்ளையின் விரல்கள் விறைத்துப் போயிருக்கும். தலையைத் துவட்டி, சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு எழுதச் சொல்லுங்கள். விறைத்த கைக்கு எழுத்து வராது.

பென்சிலைப் பிடிப்பது எப்படி?

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பென்சிலைப் பிடிக்க வேண்டும். நடுவிரல் கீழே இருந்து தாங்க வேண்டும். கூரிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் மேலே பிடிப்பது சரியாக இருக்கும். கூரை ஒட்டிப் பிடித்தால் தான் எழுதுவது தனக்கே தெரியாமல் பிள்ளை தலையைச் சாய்த்துச் சாய்த்து எழுதும்.

சில பிள்ளைகள் மண்வெட்டிப் பிடியைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடிக்கும். தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். எழுத்து மேடு மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்தம் கூடுதல் என்று அர்த்தம். அந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கம் எழுதுவதற்குள் கை வலித்துவிடும். "கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடி. நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது" என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்கும்.

இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த துண்டுப் பென்சிலைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் பிடிக்க இடம் இல்லாத பென்சில் கையைக் கெடுத்துவிடும். தேய்ந்த பென்சிலின் பின்பக்கத்தில் பழைய பேனைக் கூட்டைச் செருகினால் நீளமாகிவிடும், காசும் மிச்சம்.

இடக்கைப் பிள்ளையை அடிக்காதீர்கள். "சோத்துக்கையால எழுது" என்று சொல்லி இடக்கையில் தட்டுவது நம்மிடம் உள்ள பழைய பழக்கம். அது வேண்டாம். சில பிள்ளைகளுக்கு இயற்கையாகவே இடக்கைதான் ஓடும். வற்புறுத்தி மாற்றினால் எழுத்தும் வராது, பயம்தான் வரும். வலக்கைப் பிள்ளைக்குக் கொப்பியின் மேல்பக்கத்தைச் சற்று இடப்பக்கம் சாய்த்து வையுங்கள். இடக்கைப் பிள்ளைக்கு வலப்பக்கம் சாய்த்து வையுங்கள். வாங்கில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தால் இடக்கைப் பிள்ளையை இடது ஓரத்தில் உட்கார வையுங்கள். அப்போது முழங்கைகள் முட்டிக்கொள்ள மாட்டா.

விரலுக்குப் பலம் சமையல் கட்டில்

எழுதுவதற்கு முன் விரல்களுக்குப் பலம் வேண்டும். அதற்குக் கடைக்குப் போய் விளையாட்டுச் சாமான் வாங்கத் தேவையில்லை. ரொட்டிக்கு மா பிசையும்போது ஓர் உருண்டையைப் பிள்ளையிடம் கொடுங்கள். உருட்டட்டும், நீட்டட்டும், நீட்டிய திரியை வளைத்து "ட" செய்யட்டும், "ப" செய்யட்டும். அரிசியில் கல் பொறுக்குவது, போஞ்சி உடைப்பது, பூ கட்டுவது, சட்டைப் பொத்தானைத் தானே போடுவது, எல்லாமே விரலுக்குப் பயிற்சிதான். நாலு, ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொப்பியைத் திணிப்பதை விட இதுதான் பலன் தரும். வாசல் மண்ணில் விரலால் எழுதுவதும், சிலேட்டில் பெரிது பெரிதாக எழுதுவதும் அடுத்த படி.

சொல்வது "அ, ஆ". எழுதுவது "ட, ப"

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247 எழுத்துகள். "அம்மாடி, இவ்வளவா!" என்று பயப்பட வேண்டாம். 247 எழுத்தும் 247 விதமான வடிவம் அல்ல. சில வடிவங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

சொல்லும்போது "அ, ஆ, இ, ஈ" என்று வரிசையாகச் சொல்கிறோம். ஆனால் எழுதுவதற்கு "அ"வும் "இ"யும் கடினமான எழுத்துகள். சுழியும் வளைவும் அதிகம். கை பழகாத பிள்ளையை முதல் நாளே "இ" எழுதச் சொன்னால் அது அழத்தான் செய்யும். ஆகவே இந்த வரிசையில் பழக்குங்கள்.

1. நேர்கோட்டு எழுத்துகள்: ட, ப, ம, ய. மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. "ட" வந்துவிட்டது. அதையே மேலே தூக்கினால் "ப". நடுவில் ஒரு கோடு நின்றால் "ய". ஒன்று தெரிந்தால் மற்றது பாதி வந்த மாதிரி.

2. தலைப்பக்கம் ஒரே மாதிரியான எழுத்துகள்: க, ச, த.

3. சுழி எழுத்துகள்: வ, ன, ண, ள. இரண்டு சுழி "ன", மூன்று சுழி "ண" என்று சொல்லிச் சொல்லி எழுதட்டும்.

4. இவை வந்த பிறகு அ, ஆ, இ, ஈ, ஞ, ஐ.

ஒரு சின்ன எச்சரிக்கை. தாத்தா பாட்டிமார் எழுதும் "லை, னை, ணை" போன்ற எழுத்துகளின் வடிவம் வேறாக இருக்கும். அது பிழை அல்ல, பழைய முறை. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு அரசாங்கம் இந்த வடிவங்களைச் சீர்திருத்தியது. இன்று நம் பாடப் புத்தகங்களிலும் புதிய வடிவம்தான் இருக்கிறது. பிள்ளை புத்தகத்தில் உள்ளபடியே எழுதட்டும். இல்லாவிட்டால் வீட்டில் ஒன்று, பாடசாலையில் ஒன்று என்று குழம்பிப் போகும்.

குற்றும் கொம்பும்

தமிழில் எழுத்துப் பிழை என்று சொல்வதில் பாதி, உண்மையில் கையெழுத்துப் பிழைதான். பிள்ளைக்குச் சொல் தெரியும், கை அவசரப்பட்டுவிடும்.

கொம்பை ஒழுங்காகச் சுழிக்காவிட்டால் "கொடி" "கோடி" ஆகிவிடும். "மழை பெய்தது" என்று எழுத நினைத்த பிள்ளை "மழை பேய்தது" என்று எழுதும். சுழி ஒன்று குறைந்தால் பூவின் "மணம்" நெஞ்சின் "மனம்" ஆகிவிடும். குற்றுப் போட மறந்தால் "பல்" "பல" ஆகிவிடும். கால் வளைந்தால் அது "ர" போலத் தெரியும். பெயர் எழுதும் இடத்தில் இப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தாத்தாவிடம்தான் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. எழுதி முடித்தவுடன் பிள்ளை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். நினைத்ததை வாசிக்கக் கூடாது. எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும். விட்டுப்போன குற்று அப்போது தானாகவே அகப்படும்.

படிக்காத பெற்றோர் என்ன செய்யலாம்?

"நாங்க படிக்கலீங்களே, எங்களுக்கு என்னா தெரியும்?" என்று ஓர் அம்மா எங்களிடம் கேட்டார். நாங்கள் அவரிடம் மகனின் கொப்பியைக் கொடுத்து, "வாசிக்க வேண்டாம்மா, சும்மா பாருங்க. தேயிலை மலையைப் பார்க்கிற மாதிரி பாருங்க" என்றோம். சற்று நேரம் பார்த்தவர், "இந்த வரி மேல ஏறிப்போகுது. இங்க இடைவெளியே இல்ல, எல்லாம் ஒண்ணா கெடக்கு. இது பெருசு, இது சிறுசு" என்று விரல் வைத்துக் காட்டினார். ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாமலே மூன்று குறைகளையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்!

மட்டக் கம்பு வைத்துப் பார்த்த கண்ணுக்கு மட்டம் தெரியாதா? நிரை பிடித்த ஆளுக்கு வரிசை தெரியாதா? படிக்காத பெற்றோரும் இந்த ஐந்தையும் பார்க்கலாம்.

1. எழுத்துகள் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றனவா?

2. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கின்றனவா?

3. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே பிள்ளையின் ஒரு விரல் வைக்கும் அளவு இடம் இருக்கிறதா?

4. எழுத்துகள் எல்லாம் ஒரே மாதிரி நிற்கின்றனவா, அங்கும் இங்கும் சாய்கின்றனவா?

5. அழித்து அழித்துத் தாள் கறுத்துப் போயிருக்கிறதா?

பெரிதும் சிறிதுமாக எழுதும் பிள்ளைக்குச் சில காலம் சதுரக் கோட்டுக் கொப்பி கொடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. அளவு தானாக வந்துவிடும். அதன் பிறகு ஒற்றைக் கோட்டுக் கொப்பிக்கு மாறலாம்.

நாளுக்குக் கால் மணித்தியாலம்

மலையிலிருந்து வந்து, தண்ணி எடுத்து, அடுப்புப் பற்றவைத்து, சமைத்து முடிப்பதற்குள் ராத்திரியாகிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே மணித்தியாலக் கணக்கில் கேட்கவில்லை. கால் மணித்தியாலம் போதும். ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் பிடித்து உட்கார வைப்பதை விட, நாளுக்குக் கால் மணித்தியாலம்தான் கையில் நிற்கும். அப்பா சீக்கிரம் வந்தால் அப்பா பார்க்கட்டும். இல்லாவிட்டால் அக்கா, சித்தப்பா, பாட்டி, யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

முதல் இரண்டு நிமிடம் விரல்களை மடக்கி நீட்டட்டும். அடுத்த ஐந்து நிமிடம் மேலே சொன்ன வரிசையில் ஓர் எழுத்து மட்டும். அடுத்த ஐந்து நிமிடம் பாடப் புத்தகத்தைப் பார்த்து இரண்டு வசனம், அவசரம் இல்லாமல். கடைசி மூன்று நிமிடம் வாசித்துப் பார்த்தல். அப்போது "இதுல எது நல்லா வந்திருக்கு? நீயே வட்டம் போடு" என்று சொல்லுங்கள். தான் எழுதியதில் நல்லதைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளை, அடுத்த நாள் அதைப் போலவே இன்னொன்று எழுதப் பார்க்கும்.

சில காரியங்களைச் செய்யக்கூடாது. பிழை விட்டதற்குத் தண்டனையாக "நூறு தரம் எழுது" என்று சொல்லக்கூடாது. முதல் பத்து நன்றாக இருக்கும், மிச்சம் தொண்ணூறும் கெட்ட எழுத்துக்குப் பழக்கம் கொடுக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கொப்பியைக் காட்டி ஏசக்கூடாது. மூன்று மாதத்துக்கு முன் அதே பிள்ளை எழுதியதைக் காட்டுங்கள். அதுதான் சரியான ஒப்பீடு. அதற்காகவே முதல் நாள் எழுதிய தாளில் திகதி போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவது ஆறு, ஏழு வயது வரை பல பிள்ளைகளிடம் காணப்படும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கொப்பியை மூக்குக்குக் கிட்ட வைத்து எழுதினாலோ, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பிழை விட்டாலோ, அடிக்கடி தலைவலி என்றாலோ, கண்ணில் குறை இருக்கலாம். பாடசாலையில் நடக்கும் வைத்தியப் பரிசோதனை நாளில் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். அது வரைக்கும் காத்திருக்காமல் தோட்ட வைத்திய உதவியாளரிடமும் சொல்லலாம். எட்டு வயதுக்குப் பிறகும் எழுதுவது, வாசிப்பது இரண்டுமே மிகவும் சிரமமாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அந்தப் பிள்ளைக்கு அடி தேவையில்லை, வேறு விதமான கவனிப்புத்தான் தேவை.

வீட்டுப் பெயர்க் கொப்பி

கடைசியாக ஒரு வேலை. பிள்ளைக்குக் கை ஓரளவு பழகியதும் ஒரு புதிய கொப்பி வாங்கிக் கொடுங்கள். வீட்டில் உள்ள பிறப்புச் சான்றிதழ்களையும் அடையாள அட்டைகளையும் வெளியே எடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒருவர். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, தம்பி, தங்கை என்று எல்லாருடைய முழுப் பெயரையும், பிறந்த திகதியையும், ஒவ்வோர் ஆவணத்திலும் உள்ளது உள்ளபடியே பிள்ளை தெளிவாக எழுதட்டும். குற்று, கொம்பு, சுழி எதுவும் தப்பக்கூடாது.

இதில் இரண்டு லாபம். பிள்ளைக்குக் கருத்தோடு எழுதும் பயிற்சி கிடைக்கும். உங்களுக்கு, ஒருவருடைய பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் அது இப்போதே தெரிந்துவிடும். அப்படி இருந்தால் ஓய்வு பெறும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்தம் செய்வது எப்படி என்று விசாரியுங்கள். உங்கள் பிள்ளைக்கு 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சிக்கல் வராது.

நாங்கள் சொன்ன அந்தத் தாத்தாவுக்குக் கடைசியில் பணம் கிடைத்தது. அலைச்சலின் கடைசி நாளில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது அவருடைய பேத்தி. தரம் 7 படிக்கிற பிள்ளை. தாத்தா பக்கத்தில் நின்றுகொண்டு, "பாத்து எழுதும்மா, பாத்து எழுதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பேத்தி எழுதி முடித்து, விரல் வைத்து ஒருமுறை வாசித்துக் காட்டிய பிறகுதான் தாத்தா பெருவிரலை நீட்டினார்.

நம் வீட்டிலும் அப்படி ஒரு கை வளரட்டும். இன்று மாலையே தொடங்குவோம்.